அவன் வாயால் ஒரு மாத்தி

அவன் வாயால் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த முறுக்கு டின்னைச் செய்தேன். வேறு எந்த நல்ல நோக்கமும் எனக்குக் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாம் "தாய் மனசு" என்று எனக்கு ஒரு சாக்குக் கண்டுபிடித்துத் தருகிறார்கள். எனக்குச் சாக்கு வேண்டாம்.

சொல், "மாத்தி". மலாயில் செத்தது என்று பொருள்.

கோலசிலாங்கூரை விட்டு உள்ளே போனால் எண்ணெய் எடுக்கிற ஒரு செம்பனைத் தோட்டம். அங்கே ரப்பர் இருந்த காலத்தில் ஷீட்டுகளுக்குப் புகை போட்ட கட்டடம் ஒன்று, கூரை போய்ச் சுவர் மட்டும் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைச் சுற்றி இருபது இருபத்தைந்து பேர் லேசர் டேக் விளையாடுவார்கள். கையில் துப்பாக்கி. அதற்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குத்தான். தலையில் ஒரு பட்டை, அதில் டிவி பெட்டியில் ரிமோட்டுக்காக இருக்கிற கண்ணைப்போல நாலு சென்சார். ஒளி பட்டால் பட்டை லேசாகச் சிணுங்கும், பட்டவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி. அவர் கையைத் தூக்கி, எல்லாருக்கும் கேட்க "மாத்தி!" என்று கத்திவிட்டு, சுவரைத் தொட்டுவந்துதான் மறுபடியும் ஆடலாம். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் கலந்த கூட்டம், அதனால் மலாய்ச் சொல். பட்டும் கத்தாதவர் ஏமாற்றுகிறவர். சட்டம் அவ்வளவுதான்.

என் மகளுக்கு இருபத்து மூன்று வயது. டவுனில் கண்ணாடிக் கடையில் வேலை. இரண்டு வருஷமாக அந்தக் கூட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தாள். அங்கே அவள் நம்பர் பதினாலு.

போன வருஷக் கடைசி மழையில் அவளுக்கு டெங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் இரத்தம் எடுப்பார்கள், தினமும் பிளேட்லட் இறங்கியிருக்கும். நாலாவது நாள் நான் முகம் கழுவிவிட்டு வார்டுக்குள் வருகிறேன். தாதி ஒருத்தி எங்கள் கட்டிலைக் கைகாட்டி, இன்னொருத்தியிடம் "அது மாத்தி" என்றாள். அவள் சொன்னது ட்ரிப் மெஷினை. பேட்டரி தீர்ந்து அணைந்துவிட்டது, அதற்கும் மலாயில் அதே சொல்தான். இது எனக்குப் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்தது, தரை மேலே வந்தது மட்டும்தான். விழுந்தபோது கட்டில் ஓரத்து அலமாரி இடித்து என் புருவத்தில் மூன்று தையல். மகள் பிழைத்தாள். தழும்பு எனக்கு.

அதற்குப் பிறகு வீட்டில் அந்தச் சொல் கூடாது என்றேன். எங்கள் வீட்டில் முன்பிருந்தே "போறேன்" கிடையாது, "வரேன்"தான். அந்த வரிசையில் இதையும் சேர்த்தேன்.

"பேட்டரி மாத்தின்னா என்னாம்மா சொல்றது?"

"பேட்டரி போச்சுன்னு சொல்லு."

"போச்சுன்னு மட்டும் சொல்லலாமா?" என்று சிரித்தாள். பிறகு சிரிக்காமல் கேட்டாள். "விளையாட்டுல என்னா பண்றது? கத்தியே ஆகணும்லா."

"நீ அத உன் வாயால சொல்லக்கூடாது. எனக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி."

"தமிழ்ல சொல்றேன்னு நெனச்சுக்குங்களேன். சட்டைய மாத்தி, சேனல மாத்தி. அந்த மாத்தி."

"வெளயாடாத."

என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்ததோ, விட்டுக்கொடுத்துவிட்டாள். "சரிலா. நான் கத்தல. ஆனா எனக்குப் பதிலா பட்டை கத்தணும். சத்தமா. வெளக்கும் எரியணும். செஞ்சு குடுங்க."

செய்து கொடுக்க எனக்குத் தெரியும். ராவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினேழு வருஷம் டிவி ரிமோட் சென்சார்களைச் சோதித்தேன். லைனில் வருவதை எடுத்து, சொருகி, விளக்கைக் காட்டி, நல்லது பச்சைத் தட்டு, கெட்டது சிவப்புத் தட்டு. சிவப்புத் தட்டில் போடும்போது வாய்விட்டு "ரிஜெக்ட்" என்று சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவள் குறித்துக்கொள்வாள். தூக்கத்தில்கூட "ரிஜெக்ட்" என்று சொல்லியிருக்கிறேன் என்று மகளின் அப்பா கேலி செய்வார்.

இந்தச் சென்சாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வெறும் வெளிச்சத்தை அது கண்டுகொள்ளாது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, எல்லாவற்றுக்கும் கண்ணைத் திறந்தால் பகலில் பைத்தியம் பிடித்துவிடும். அதனால் ஒரு விநாடியில் இத்தனை ஆயிரம் தடவை துடிக்கிற ஒளி என்று ஒரே ஒரு கணக்குக்குத்தான் அது காது கொடுக்கும். எங்கள் தொழிற்சாலையில் அது முப்பத்தெட்டாயிரம். பதினேழு வருஷமும் முப்பத்தெட்டு. மகளின் பட்டையைப் பிரித்தபோது பழைய சென்சார்கள் வியர்வையில் துருவேறியிருந்தன. நாலையும் பிடுங்கி எறிந்துவிட்டு, என் கையில் இருந்த முப்பத்தெட்டுகளை வைத்துப் பற்றவைத்தேன். எந்தக் கணக்கு என்று யாரையும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா?

நாலு சிவப்பு விளக்கும், பஸ் நிறுத்தும் மணி மாதிரி அலறுகிற ஒரு பஸரும் வைத்தேன். கேட்டில் நின்று நான் சுட்டேன், சமையலறை வாசலில் அவள் நின்றாள். பன்னிரண்டு தப்படி. பட்டை அலறியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "சூப்பர்மா" என்றாள். டெங்கிக்குப் பிறகு அவளுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியிருந்தது. தலையில் ஒரு துணியைக் கட்டி, அதன்மேல் பட்டையைப் போட்டுக்கொண்டு போனாள்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. ஜெராமில் இருக்கிற என் தங்கைதான் அங்கே எடுத்த வீடியோவை அனுப்பினாள். அவள் புருஷன் அந்தக் கூட்டத்தின் வாட்சாப் குழுவில் இருக்கிறார். "அக்கா, இது நம்ம பிள்ளையா?"

கூட்டத்துக்குப் பெரியவனாக இருக்கிறவனை எல்லாரும் போஸ் என்பார்கள். ஏர்கான் பழுதுபார்க்கிற கடை வைத்திருக்கிறான், என் வயதுதான் இருக்கும். வீடியோவில் அவன் என் மகளுக்கு எதிரே நிற்கிறான்.

"அஞ்சு தடவ சுட்டேன். அஞ்சும் நெத்திக்கு. ஏன் கத்தல?"

"எரியல அண்ணே. எனக்குப் படல."

"படலயா? சாகாவரம் வாங்கிட்டு வந்துருக்கியா? துணிய வச்சு மூடிக்கிட்டு ஏமாத்துறியா? கழட்டுலா அத!"

அவள் கழற்றவில்லை. அவன் கையை நீட்டிப் பட்டையைப் பிடுங்கினான். துணியும் கூடவே வந்தது. கேமரா வைத்திருந்தவன் கிட்டே போய் எடுத்திருக்கிறான். மண்டைத்தோல் தெரிகிற அவள் தலை. யாரோ சிரிக்கிற சத்தம். அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் வீடியோ. அதற்குக் கீழே ஒருத்தன் எழுதியிருந்தான்: சாகாவரம்.

அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்குப் போவாள், வருவாள், அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். கடைக்கு வந்த ஒருத்தி அவளைப் பார்த்து "சாகாவரம்தானே நீ?" என்று கேட்டாளாம். அதுவும் தங்கை சொல்லித்தான் தெரியும்.

நான் அவனை என்ன செய்யவேண்டும் என்று யோசித்தேன். சமைக்கும்போது யோசித்தேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது யோசித்தேன். அவன் கடைக்கு முன்னால் போய் நின்று திட்டலாம். அது ஒரு நாளில் தீர்ந்துவிடும். எனக்கு வேண்டியது வேறு. என் மகள் சொல்ல மறுத்த சொல்லை அவன் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் நடுவில், ஏனென்று தெரியாமல், வெட்கம் கெட்டு, திரும்பத் திரும்ப.

அதற்கு மகளின் துப்பாக்கி அனுப்புகிற துடிப்பைப் பிடித்து வைத்து, பொத்தானை அழுத்தினால் அதையே திருப்பி அனுப்புகிற ஒரு சின்ன போர்டு போதும். முன்னால் ஒரு லென்ஸ் வைத்தால் ஒளி சிதறாமல் ஒரு ஆளின் தலைக்கு மட்டும் போகும். முறுக்கு டின்னின் பக்கத்தில் விரல் அளவு ஓட்டை போட்டேன். போர்டுக்கு மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் முறுக்கு.

துடிப்பைப் பிடிப்பதற்காகத் துப்பாக்கியின் பேட்டரி மூடியைக் கழற்றினேன். உள்ளே சின்னத் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஐம்பத்தாறு என்று எண் போட்டிருந்தது.

துப்பாக்கி துடிக்கிற கணக்கு ஐம்பத்தாறாயிரம். நான் பட்டையில் வைத்தது முப்பத்தெட்டு.

கிட்டத்தில் ஒளி பலமாக இருக்கும், கணக்குத் தப்பான சென்சாருக்கும் கொஞ்சம் உறைக்கும். தூரத்தில் உறைக்காது. மறுநாள் சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் மகளின் பட்டையை வேலியில் மாட்டிவிட்டு நடந்து நடந்து சுட்டேன். பன்னிரண்டு தப்படியில் அலறியது. பதினைந்தில் ஒரு தடவை முனகியது. இருபதில் செத்த மாதிரி தொங்கியது. அவன் அஞ்சு தடவை சுட்டதும் உண்மை. அஞ்சும் நெற்றியில் பட்டதும் உண்மை. பொய்யாக இருந்தது நான் செய்த பட்டை ஒன்றுதான்.

இதை அன்றைக்கே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு நிற்க இடம் இல்லாமல் போய்விடும். எனக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது. "பட்டையில வயர் விட்டுப்போயிருக்கு, புதுசா செய்றேன்" என்றேன்.

புதிதாகச் செய்தேன், இந்தத் தடவை கேட்டு, படித்து. ஐம்பத்தாறிலும் இரண்டு வகை உண்டு. ரிமோட்டுக்கென்று செய்கிற ஒரு வகை, துடிப்பு விடாமல் வந்தால் அதை இரைச்சல் என்று நினைத்துக் காதைப் பொத்திக்கொள்ளும். விடாமல் சுடுகிற இந்த விளையாட்டுக்கு ஆகாது. மற்ற வகையை வரவழைத்தேன், தகரக் கவசம் போட்டது. மின்சாரம் குலுங்காமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். உச்சி வெயில் நேராக விழாமல் இருக்கக் கறுப்பு ரப்பரில் சின்னச் சின்னக் கூரை. கால்வாய்க் கரையில் அறுபது தப்படி போயும் பட்டை அலறியது. பழையதை எறியவில்லை. கைப்பையில் போட்டு வைத்தேன். ஏன் என்று அப்போது தெரியாது.

"நான் வரலம்மா" என்றாள் மகள்.

"ஒரு ஞாயிறு. நானும் வரேன்."

"நீங்க எதுக்கு?"

"முறுக்கு கொண்டாரேன்."

அங்கே அவன் என்னைப் பார்த்ததும் வந்தான். முகத்தில் ஒரு சங்கடமும் இல்லை. "வாங்கக்கா. சாப்டீங்களா? வெயில்ல ஒக்காராதீங்க, அந்தச் செவுத்து நெழல்ல ஒக்காருங்க." அவன் காட்டிய இடத்திலேயே உட்கார்ந்தேன். திடல் முழுதும் தெரிந்தது. மடியில் டின், அதன் ஓட்டை அவன் பக்கம்.

முதல் தடவை அழுத்தியபோது அவன் சாதாரணமாகக் கையைத் தூக்கி "மாத்தி!" என்றான். அந்தச் சொல் என் வயிற்றில் இறங்கிய விதத்தை நான் மறைக்கப்போவதில்லை. வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. சுவரைத் தொட்டுவிட்டு வந்தான். பத்து அடி நடக்கவிட்டு அழுத்தினேன். "மாத்தி!" மறுபடியும் வந்தான். "மாத்தி! அடச்சீ." நாலாவதற்கு எல்லாரும் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"போஸ், இன்னிக்கி குளிக்காம வந்தீங்களா?"

"போஸுக்கு இன்சூரன்ஸ் இருக்கா பாருங்கலா!"

ஐந்து. ஆறு. அவன் சிரிப்பு நின்றுவிட்டது. கழுத்தில் வியர்வை. செம்பனை மரத்துக்குப் பின்னால் பதுங்கிப் பார்த்தான், தலை கொஞ்சம் வெளியே வந்தது, அது போதும். "மாத்தி!" ஏழு.

அப்போது அவன் தன் துப்பாக்கியின் சின்னத் திரையைப் பார்த்தான். யார் சுட்டது என்று அதில் நம்பர் வரும். இது எனக்குத் தெரியாது. நான் பிடித்து வைத்தது என் மகளின் துப்பாக்கித் துடிப்பு. அதற்குள் அவள் நம்பரும் இருந்திருக்கிறது.

"பதினாலு" என்றான். சத்தமாகச் சொன்னான். "ஏழு தடவயும் பதினாலு! அவ கட்டடத்துக்கு அந்தப் பக்கம்ல நிக்கிறா? சாகாவரம் இப்ப செவுத்த தாண்டிச் சுடுது, பாத்துக்குங்க!"

ஆட்டம் நின்றது. எல்லாரும் என் மகளைச் சுற்றி வந்தார்கள். யாரோ ஒருத்தன் கைப்பேசியைத் தூக்கினான். அவள் தலைத்துணியை மட்டும் இரண்டு கையாலும் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள், யாரும் பிடுங்கிவிடாதபடி.

நான் எழுந்து போனேன். முறுக்குத் தட்டை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, டின்னுக்குள் இருந்ததைக் காட்டினேன்.

"சுட்டது நான்."

அவன் டின்னுக்குள் குனிந்து பார்த்தான். "என்னாக்கா இது, சின்னப்பிள்ள மாதிரி?"

"அன்னிக்கு நீ சுட்டது எரியாததுக்கும் நான்தான் காரணம்" என்றேன். கைப்பையிலிருந்து பழைய பட்டையை எடுத்தேன். "இத அந்தக் கம்பத்துல மாட்டு. நீயே சுடு. மொதல்ல அஞ்சு தப்படி."

அலறியது. நாற்பதுக்குப் போகச் சொன்னேன். பத்துத் தடவை சுட்டான். ஒரு விளக்கும் எரியவில்லை. புதுப் பட்டையை மாட்டச் சொன்னேன். பத்துக்குப் பத்து. "இது நான் மாத்துன சென்சார். பழசு முப்பத்தெட்டு, ஒங்க துப்பாக்கி அம்பத்தாறு. பழசு ரிஜெக்ட். ரிஜெக்ட் சாமான என் மக தலையில கட்டி அனுப்புனது நான். அவ ஏமாத்தல" என்றேன். பதினேழு வருஷத்தில் என் கையிலிருந்து போன ஒரே ரிஜெக்ட், அதை வாங்கிக்கொண்டவள் என் மகள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஒன் பட்டையையும் மாட்டு" என்றேன் அவனிடம். எனக்கு ஒரு ஆசை இருந்தது. அதில் நகப்பூச்சோ, பசையோ, ஏதாவது ஒரு கள்ளத்தனம் இருக்கும் என்று. நாற்பது தப்படியில் பத்துக்குப் பத்து எரிந்தது. ஒரு குறையும் இல்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

"நான் எப்டிக்கா நம்புறது?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "தலைல துணி, வாய்ல சத்தமில்ல. வாயத் தொறந்து படலன்னாவது மொதல்லயே வந்து சொல்லிருக்கலாம். மாத்தின்னு கத்தவே மாட்டேங்கிறா, அன்னிக்கும் சரி, இன்னிக்கும் சரி."

"அம்மாவுக்குப் பிடிக்காது" என்றாள் மகள். அவ்வளவுதான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

"சரிக்கா. தப்புத்தான். விடுங்க."

விடுவதற்கா நான் அவ்வளவு தூரம் போனேன்? "வீடியோ போன அதே குழுவுல ஒன் குரல்ல சொல்லு" என்றேன். கைப்பேசியை எடுத்தான். திரும்பி நின்றுகொண்டு முணுமுணுத்தான். "அந்தப் பதினாலு... ஏமாத்தலயாம்."

"ரிஜெக்ட்."

"என்னாது?"

"ஏமாத்தலயாம் இல்ல. ஏமாத்தல. இன்னொரு தரம்."

இரண்டாவது தடவை அவசரமாகச் சொன்னான். "ரிஜெக்ட். பட்டையப் புடுங்குனது தப்புன்னு வரல" என்றேன். மூன்றாவது தடவை அவன் நேராக நின்று, எல்லாருக்கும் கேட்க, பதினாலு ஏமாற்றவில்லை, பட்டைதான் கோளாறு, அவள் தலையிலிருந்து பிடுங்கியது என் தப்பு, வீடியோவை வைத்திருக்கிறவர்கள் அழியுங்கள் என்றான். நாலாவது தரமும் சொல்லவைத்திருப்பேன். மகள் என் கையைப் பிடித்தாள்.

"போதும்மா. பச்சைத் தட்டுல போடுங்க."

கொஞ்ச நேரத்தில் அவன் கைப்பேசி டிங் டிங் என்று அடிக்கத் தொடங்கியது. அவன் எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக ஒரு ஆட்டம் என்றார்கள். மகள் புதுப் பட்டையைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது, "முப்பத்தெட்டு தப்புன்னு எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"போன மாசம்."

தலையை மட்டும் ஆட்டினாள். அதற்குள் என்ன இருந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. நான் முறுக்குத் தட்டை அவனிடமிருந்து வாங்கி டின்னில் வைத்து, எடுத்துக்கொண்டு சுவர் நிழலுக்குத் திரும்பினேன். அதன் பேட்டரியைக் கழற்றச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

சுங்கை பஞ்சாங்கிலிருந்து வருகிற மலாய்ப் பெண் ஒருத்தி, ஐம்பது தப்படிக்கு அப்பால் ஒரு செம்பனை அடியில் குந்தியிருந்தாள். அவள் சுட்டதை நான் பார்த்தேன். என் மகளின் நெற்றியில் நாலு விளக்கும் சிவப்பாக எரிந்தன, பட்டை அலறியது. அதுவே போதும், அதற்காகத்தான் அதைச் செய்தேன். ஆனால் மகள் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, தொண்டை கிழிய, "மாத்தி!" என்று கத்தினாள்.

என் புருவத் தழும்பு வெட்டி இழுத்தது. அவள் என் பக்கம் திரும்பி, "தமிழ்லம்மா!" என்றாள்.

தமிழ் தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வெட்டவெளியில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்தச் சிரிப்பில் ஒரு தப்பும் கிடையாது, நல்ல சிரிப்புத்தான். அவன் பட்டையின் பின்பக்கச் சென்சார் வெயிலில் கறுப்பாக மின்னியது.

அழுத்தினேன்.

"மாத்தி!" என்று கத்திவிட்டு, திடுக்கிட்டுத் திரும்பினான். "அக்கா!"

நான் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன்.